கிள்ளான் சதுப்பு புகட்டிய பாடம்

மலாயாவின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஈயத்தையும் ரப்பரையும் பற்றியே விரித்துரைத்துள்ளனர். கவர்னர்களின் பெயர்களும், கம்பெனிகளின் இலாபக் கணக்குகளும், ஏற்றுமதித் தொகைகளும் அவர்தம் ஏடுகளை நிரப்பி நிற்கின்றன. ஆயின், அச்செல்வம் விளைந்த மண்ணில் எத்துணைபேர் குளிர்சுரத்தால் நடுங்கி மாண்டனர் என்பதும், அம்மரணத்தைத் தடுத்தது எது என்பதும் அவ்வளவாக எழுதப்படவில்லை. நம் முன்னோர் பலர் பால்மரக் காடுகளின் ஓரத்தில் பெயரெழுதாத மண்மேடுகளாகிக் கரைந்துபோயினர். அவர்தம் பிள்ளைகளுட் பலர் பிழைத்தது எதனால்? கொய்னா மருந்து ஓரளவு உதவிற்று. அதனினும் மேலாக உதவியது, நோய் பிறக்கும் நீரைத் தேடிக் கண்டு, அளந்து, அடக்கி, வாரந்தோறும் காவல் செய்த ஓர் ஒழுங்காகும்.

தொழில் நடத்தும் ஸ்தாபனம் ஒன்று தன்னைச் சூழ்ந்துள்ள நிலம், நீர், காற்று ஆகியவற்றின் நிலையை முறைப்படி ஆராய்ந்து பேணுவதை இக்காலத்தார் ‘சுற்றுச்சூழல் மேலாண்மை முறை’ என்று வழங்குகின்றனர். பெயர் புதிது, பொருளோ நம் தோட்டங்களில் நூறாண்டுக்கு முன்னரே உயிர்விலை கொடுத்துக் கற்கப்பட்டது. அது எவ்வாறு பிறந்தது, நிர்வாகங்களுக்கு என்ன நன்மை தந்தது, கைவிடப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

நச்சுக்காற்று என்னும் நம்பிக்கை

‘மலேரியா’ என்னும் சொல் இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் ஆவியே காய்ச்சலுக்குக் காரணமென்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். காட்டை வெட்டியதால் முனி கோபித்துக்கொண்டது என்று நம்மவருட் சிலர் நம்பினர். இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையே பெரிய வேற்றுமை ஒன்றுமில்லை. சதுப்பின்மேல் ஐயங்கொண்ட அளவில் ஐரோப்பியர் உண்மைக்குச் சற்று அருகில் இருந்தனர். ஆயினும், சதுப்பிலிருந்து மனிதன் உடலுக்கு நோய் வரும் வழியை அவரும் அறியார்.

1880-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897-ஆம் ஆண்டு இந்தியாவில், செகந்திராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்பவர் அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து அவர் செய்த சோதனை, கொசுக்கடியினாலேயே இந்நோய் பரவுகிறது என்பதைத் தெளிவாக்கிற்று. காய்ச்சல் தலைவிதி என்னும் எண்ணம் அன்றோடு பொருளற்றதாயிற்று. கொசுவைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம். கொசு நீரில் பிறப்பது. ஆதலின் நீரை ஆள்பவன் நோயை ஆள்வான். இவ்வுண்மையை ஏட்டிலிருந்து மண்ணுக்குக் கொண்டுவந்த இடங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று நம் கிள்ளான்.

கிள்ளானில் நடந்தது

மால்கம் வாட்ஸன் என்னும் ஸ்காத்லாந்து தேச வைத்தியர் 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் ஜில்லா வைத்தியராக வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படுவது அதுவே. கடலோரச் சதுப்புக் காட்டை அழித்து அதனை அமைத்தனர். கப்பலும் இரயிலும் வந்தன; கூடவே காய்ச்சலும் வந்தது. உத்தியோகஸ்தர், இரயில்வேத் தொழிலாளர், மூட்டை சுமப்போர் என்ற வேற்றுமையின்றி யாவரும் படுக்கையில் விழுந்தனர். பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

வாட்ஸனும், சிலாங்கூர் மாநிலத் தலைமை வைத்தியராயிருந்த டிராவர்ஸும் சர்க்காருக்குக் கூறிய யோசனை எளியது. குடியிருப்பைச் சூழ்ந்த காட்டை வெட்டுக, பள்ளங்களைத் தூர்த்திடுக, வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்திடுக, கடல் நீர் ஏறாதவாறு கரை கட்டுக என்பதே அது. சர்க்கார் அதனை ஏற்றது.

பலனை எண்களே பேசட்டும். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901-ஆம் ஆண்டு இறந்தோர் 582 பேர். அவருள் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். மறு ஆண்டே மொத்த மரணம் 144 ஆகவும், காய்ச்சல் மரணம் 59 ஆகவும் குறைந்தன. 1905-ஆம் ஆண்டில் காய்ச்சல் மரணம் 45 ஆயிற்று.

இது மழை குறைந்ததால் வந்த தற்செயலான நன்மையோ என்று வினவுவார்க்கும் விடை உண்டு. 1902-ஆம் ஆண்டில் அவ்விரு ஊர்களிலிருந்தும் மலேரியாவால் ஆஸ்பத்திரி சேர்ந்தோர் 199 பேர். 1905-ல் 23 பேர். வாய்க்கால் வெட்டப்படாத ஜில்லாவின் பிற பகுதிகளிலிருந்து சேர்ந்தோரோ அதே காலத்தில் 204-லிருந்து 353-ஆகப் பெருகினர். அதே வானம், அதே மழை. வேறுபட்டது மனித முயற்சி ஒன்றே.

மற்றொரு கணக்கு, ஸ்தாபனம் நடத்துவோர் ஊன்றிப் பார்க்கத் தக்கது. 1901-ஆம் ஆண்டில் அங்கிருந்த சர்க்கார் ஊழியர்க்கு வழங்கப்பட்ட நோய்ச் சான்றிதழ்கள் 236. அவற்றால் இழந்த வேலைநாட்கள் 1,026. 1905-ஆம் ஆண்டில் சான்றிதழ்கள் நான்கு. இழந்த நாட்கள் 30. ஆயிரம் நாள் வேலையைச் சதுப்பு விழுங்கிக்கொண்டிருந்ததென்பது, கணக்கெழுதிப் பார்த்த பின்னரே புலப்பட்டது. எண்ணாத நஷ்டம் நஷ்டமாகத் தோன்றாது. எண்ணியபின் அதனைப் பொறுத்திருக்க எந்த நிர்வாகியும் துணியான்.

மலைத் தோட்டங்களின் புதிர்

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், ‘காட்டை வெட்டு, வாய்க்கால் தோண்டு’ என்னும் இரண்டு வாக்கியங்களே நாடு முழுமைக்கும் போதுமான வேதமாகியிருக்கும். இயற்கை அவ்வாறு விடவில்லை.

ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டங்கள் கடலோரச் சமநிலத்தை விட்டுக் குன்றுகளின்மேல் ஏறின. அங்கும் காடு வெட்டப்பட்டது, ஓடைகள் துப்புரவாக்கப்பட்டன, நீர் தெளிந்து ஓடிற்று. ஆயினும் காய்ச்சல் குறைந்தபாடில்லை. பல இடங்களில் முன்னிலும் பெருகிற்று. அக்காலத்தில் ஆயிரவருக்கு நூற்றுவர்க்கு மேல் ஓராண்டில் மாண்ட தோட்டங்களும் இருந்தன. மாண்டவருட் பெரும்பாலார், கப்பலேறி வந்து சில மாதங்களே ஆன நம் தமிழ் மக்கள்.

வாட்ஸன் தோட்டந்தோறும் சென்று லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுச் சோதித்தார். மலேரியா பற்றிய பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கும். அதனை நம் பெண்டிர் காய்ச்சற்கட்டி என்பர். எந்த லயத்தில் எத்தனை பிள்ளைகட்குக் கட்டி உண்டு, அந்த லயம் காட்டிலிருந்தும் ஓடையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்பவற்றை அவர் குறித்து வைத்தார். அவ்வாறு குறித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. கொசுக்களெல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. சமநிலத்தில் நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் என்னும் இனம் காட்டு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. காடு அழிந்தால் அதுவும் அழியும். மலையில் நோய் பரப்பிய அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் இனமோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டவர்கள் அக்கொசுவுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தவராயினர். கடலோரத்தில் உப்புக் கலந்த நீரை நாடும் இனம் ஒன்றும் உண்டு. அதற்குக் கரையும் மதகுமே மருந்து.

கிள்ளானில் உயிர் காத்த வேலையே குன்றில் உயிர் குடித்தது. ஆதலின், ஓரிடத்தில் பலித்த முறையை மற்றோரிடத்தில் கண்மூடிச் செய்வது அறிவுடைமை ஆகாது. முதலில் அந்த மண்ணைக் கேட்க வேண்டும். அதன் நீரைக் கேட்க வேண்டும். பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். நோய் பரப்பும் இனம் எதுவென்று அறிந்து அதனை மட்டும் குறிவைக்கும் இக்கொள்கை மலாயாவிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் வளர்ந்து, உலகெங்கும் பரவிற்று.

வாரம் ஒருமுறை

மலைத் தோட்டங்கட்கு இரு வழிகள் கண்டனர். ஓடையின் ஊற்றுநீரைச் சுட்டமண் குழாய்கள் வழியே நிலத்தடியில் செலுத்துதல் ஒன்று. சிலாங்கூரின் சீபீல்ட் தோட்டம் இதில் பெயர்பெற்றது. நீரின்மேல் எண்ணெய் தெளித்துக் கொசுப் புழுக்களை மூச்சடைக்கச் செய்தல் மற்றொன்று. குழாய் பதிக்க முதற்செலவு மிகுதி. எண்ணெய்க்கு நாட்செலவு மிகுதி.

இவ்விரண்டாவது முறையில் அடங்கிய நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். முட்டை, புழுவாகிக் கூடாகிக் கொசுவாகப் பறக்க இந்நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும். ஆகவே, ஏழு நாட்களுக்கு ஒருமுறை எல்லா ஓடைகளிலும் எண்ணெய் தெளித்தாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். திங்கட்கிழமை மழையென்றோ, செவ்வாய்க்கிழமை சம்பள நாளென்றோ தள்ளிப்போட இடமில்லை. தெளிப்பவர், தெளித்ததைப் பார்ப்பவர், பிள்ளைகளின் வயிற்றைச் சோதிக்கும் டிரெசர், நோயாளிகளை எண்ணும் கிராணி, எண்ணைக் கண்டு செலவுக்கு உத்தரவிடும் துரை ஆகிய யாவரும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே பயனற்றது. வாய்க்கால் வெட்டுவது வேலை. அதனை ஆண்டு முழுதும் காப்பது முறை. வேலைக்கு முடிவுண்டு, முறைக்கு முடிவில்லை.

இலாபம் யாருக்கு?

தோட்ட முதலாளிமார் யாவரும் கருணையினால் இவற்றைச் செய்தனர் என்று சொல்வதற்கில்லை. ‘இவ்வளவு பணத்தைக் கானில் கொட்டுவதா’ என்று முணுமுணுத்தோர் பலர். அவர்களை இணங்க வைத்தது பெரும்பாலும் கணக்கே. காய்ச்சலில் கிடப்பவன் பால் வெட்டான்; ஆஸ்பத்திரிக்கும் கொய்னாவுக்கும் செலவு வேறு. மாண்டவனுக்குப் பதிலாக மற்றொருவனைக் கடல் கடந்து கொண்டுவரக் கங்காணிக்கும் கப்பலுக்கும் கூலி வேறு.

மேலும், 1910-ஆம் ஆண்டில் சஞ்சிக்கூலி முறையில் இந்தியாவிலிருந்து ஆள்பிடிப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த தொழிலாளி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு நீங்கச் சட்டத்தில் இடமிருந்தது. சாவு மலிந்த தோட்டத்தின் பெயர் ஊர் திரும்பியவர் வாய்மொழியாகத் தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக் கிராமங்களுக்கும் எட்டும். நற்பெயருள்ள தோட்டத்துக்கு ஆள் தானே வரும். கெட்ட பெயருள்ள தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்தாலும் ஆள் தங்காது. சூழ்நிலையைப் பேணுதல் தருமச் செலவன்று, முதலீடே என்பதை முதலாளிமார் இவ்வழியாகக் கற்றனர்.

ஆயினும் நாம் மறக்கலாகாத பகுதி ஒன்றுண்டு. முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவர் யார்? முதுகில் எண்ணெய்ப் பீப்பாய் சுமந்து ஓடையோரம் நடந்தவர் யார்? பெரும்பாலும் நம் மக்களே. ஆனால் ஓடை எங்கே அடைபட்டது, லயத்தின் பின்புறம் எங்கே நீர் தேங்குகிறது என்பவற்றை நாள்தோறும் கண்ட அவர்களிடம் யோசனை கேட்ட நிர்வாகங்கள் அரிது. அவர்கள் கணக்கில் எண்ணாக இருந்தனர். கணக்குப் பார்ப்போர் வரிசையில் இடம்பெறவில்லை. 1920-களிலும் தோட்டச் சுகாதாரத்தைப் பற்றிச் சர்க்கார் விசாரணை நடத்திச் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததென்றால், முதலாளியின் விருப்பத்துக்கே அனைத்தையும் விட்டுவிடுதல் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முறை அழிந்த காலம்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் எண்ணெய் கிடைக்கவில்லை, வாய்க்கால்கள் தூர்ந்தன, கண்காணிப்போர் இல்லை. நாற்பதாண்டு உழைப்பு மூன்றாண்டில் குலைந்தது; மலேரியா மீண்டும் தோட்டங்களில் தலைவிரித்தாடிற்று.

அதனினும் கொடியது சயாம் மரண இரயில்வே. அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், கழிவிடமும் நல்ல நீரும் மருந்தும் இல்லாத காட்டு முகாம்களில் வாந்திபேதியாலும், சீதபேதியாலும், மலேரியாவாலும், பசியாலும் அடியாலும் மடிந்தனர். இரயில் பாதை போடத் தெரிந்த பொறியியல், ஒரு முகாமுக்கு வாய்க்கால் வெட்டத் தெரியாதது அன்று. அங்கு உழைத்தோரின் உயிரை எண்ணத் தக்கதாக அந்நிர்வாகம் கருதவில்லை. கிள்ளானில் எண்ணினார்கள், உயிர் பிழைத்தது. சயாமில் எண்ணவில்லை, உயிர் போயிற்று.

ஆலையின் கழிவுநீர்

நீரின் கதை கொசுவோடு முடியவில்லை. ரப்பர் தோட்டங்கள் பல பின்னர் செம்பனைத் தோட்டங்களாயின. 1970-களில் செம்பனை எண்ணெய் ஆலைகள் பெருகியபோது, அவற்றின் பழுப்புநிறக் கழிவுநீர் ஆறுகளில் விடப்பட்டது. அக்கழிவு மக்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சற்று மிதக்கும். ஆற்றையே நம்பிய கம்பத்தாரும் தோட்டத்தாரும் துன்புறுவர்.

1974-ஆம் ஆண்டு மலேசியச் சர்க்கார் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றிற்று. 1977-ல் செம்பனை ஆலைகட்கென்று தனி விதிகள் வந்தன. கழிவு பிராணவாயுவை உறிஞ்சும் அளவு, சுத்தி செய்யாத நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். 1978-ல் 5,000-க்கு மேற்படலாகாது என்று விதித்து, ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைத்து, 1984-ல் 100 என்னும் எல்லைக்குக் கொண்டுவந்தனர். ஆற்றில் விடும் அழுக்கின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணமும் உயர்ந்தது. ஒரே நாளில் முடியாததைக் கேட்கவில்லை. முடியும் என்று தெரிந்ததை விட்டுவிடவும் இல்லை.

விளைவு என்ன? ஆலைகள் குளங்கள் வெட்டி, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் செரிக்கச் செய்தன. எண்ணெய் உற்பத்தி பெருகிக்கொண்டே இருக்க, ஆற்றில் சேர்ந்த அழுக்கு பெரிதும் குறைந்தது. குளத்தில் படிந்த மண்டி செம்பனைக்கு எருவாயிற்று. அக்குளங்களில் எழும் எரிவாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் பின்னர் தோன்றின. முன்பு தொல்லையென்று ஆற்றில் தள்ளியது பின்பு சரக்காயிற்று. ஆற்றைக் கெடுப்பவன் தன் பண்டத்தில் ஒரு பகுதியையே ஆற்றில் எறிகிறான் என்பதை முதலாளிமார் இரண்டாம் முறையாகக் கற்றனர்.

முறையின் இலக்கணம்

இத்தகைய அனுபவங்களைப் பல நாட்டினரும் பெற்றனர். 1992-ஆம் ஆண்டு இங்கிலாந்து இதற்கென ஒரு தரவிதியை வெளியிட்டது. 1996-ஆம் ஆண்டு, ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட அனைத்துலகத் தர அமைப்பு ‘ஐ.எஸ்.ஓ. 14001’ என்னும் விதியை வகுத்தது. அதன் சாரம் நான்கே சொற்களில் அடங்கும்: திட்டமிடு, செய், சோதி, திருத்து. தன் தொழில் நிலத்தையும் நீரையும் காற்றையும் எவ்வாறு தீண்டுகிறது என்று ஆராய்தல், சட்டம் கேட்பதை அறிதல், குறிக்கோளை வரையறுத்தல், பொறுப்பாளரை நியமித்துப் பயிற்சி அளித்தல், அளந்து பதிவு செய்தல், தவறு கண்டவிடத்துத் திருத்தல், தலைமை நிர்வாகமே இவற்றைப் பரிசீலித்தல் என்பன அதன் அங்கங்கள். கிள்ளானிலும் சீபீல்டிலும் நடந்ததை அறிந்தோர்க்கு இவற்றுள் எது புதிது?

இதனால் ஸ்தாபனங்கள் அடையும் நன்மையும் முன் கண்டதே: நோயும் விபத்தும் குறைதல், வீண்செலவு அடங்குதல், கழிவு பொருளாதல், சட்டத் தொல்லை நீங்குதல், வாங்குவோரிடத்தும் வேலைக்கு வருவோரிடத்தும் நற்பெயர் பெறுதல். ஆயின் ஓர் எச்சரிக்கை. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு வாய்க்காலைப் பார்க்காத நிர்வாகம், எண்ணெய் தெளிக்காமல் தெளித்ததாக ஏட்டில் எழுதியதற்கு ஒப்பாகும். ஏட்டைக் கொசு வாசிப்பதில்லை.

சிங்கப்பூர் 1982-ஆம் ஆண்டு மலேரியா ஒழிந்த நாடென உலகச் சுகாதார ஸ்தாபனத்தால் அறிவிக்கப்பட்டது. மலேசியாவில், உள்நாட்டிலேயே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய மலேரியா 2018-ஆம் ஆண்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆயின் குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் நோலெசி என்னும் மலேரியா, காட்டோரத்தில் உழைப்போரை இன்னும் வாட்டுகிறது. நகரத்திலோ பூந்தொட்டித் தட்டிலும் கூரைப் பீலியிலும் நிற்கும் நீரில் டெங்கிக் கொசு பிறக்கிறது. கொசு மாறிற்று; இடம் மாறிற்று; வாரம் ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

ஆகவே தோட்டத்திலும், தொழிற்சாலையிலும், நகரத்து அடுக்குமாடியிலும் வாழும் நம் மக்கட்கு நாம் கூறுவது இது. வேலையிடத்தின் நீர் எங்கே போகிறது, புகை எங்கே போகிறது, அவற்றை அளந்த ஏடு எங்கே உள்ளது என்று கேட்கப் பழகுங்கள். சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசுமிடத்து வாய்க்காலைப் பற்றியும் பேசுங்கள். நம் பாட்டன்மார் கணக்கேட்டில் எண்களாக மட்டுமே இடம்பெற்றனர். பேரப்பிள்ளைகளாகிய நாம் அந்த ஏட்டைத் திறந்து படிப்பவராகவும், பிழை கண்டால் சுட்டிக்காட்டுபவராகவும் ஆதல் வேண்டும். அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் தூர்ந்துபோகாதிருக்க அதுவே வழி.